இரங்கல் கூட்டத்திற்கு முன்பே வாருங்கள்!

2025 ஜனவரி 17. ஜும்ஆ தொழுதுவிட்டு இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிய ஜகபர் அலி, புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அவர் செய்த 'குற்றம்', கல் குவாரிகளில் நடந்த கொள்ளையைப் பற்றி அதிகாரிகளுக்கு மனுமேல் மனு கொடுத்தது! முதலில் விபத்து என்றே பேசப்பட்டது. பிறகுதான் கொலை வழக்கானது, விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

இரண்டே மாதம். மார்ச் 18, ரமளான் அதிகாலை. பஜ்ர் தொழுதுவிட்டு வந்த ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் ஜாகிர் உசேன் பிஜிலி, நெல்லை டவுனில் வெட்டிச் சாய்க்கப்பட்டார். பின்னணி, வக்ஃபு நிலத் தகராறு. தன் உயிருக்கு ஆபத்து என்று அவரே பேசிப் பதிவு செய்த காணொளியை, கொலைக்குப் பிறகுதான் ஊரெல்லாம் பார்த்துக் கண்ணீர் விட்டது.

காவல்துறையிலேயே காலம் கழித்தவருக்கு இந்தக் கதி என்றால், திருவாலங்காட்டிலும் திருத்தணியிலும் கொசஸ்தலையாற்று மணலுக்காக, ஏரி ஆக்கிரமிப்புக்காக மனு எழுதும் சாமானிய இளைஞனுக்கு யார் துணை?

சட்டம் இல்லையா? இருக்கிறது, காகிதத்தில். ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காக்க 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஆட்சியாளர்களுக்கு மனம் வரவில்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுவதும் அமல்படுத்தச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுச் செய்தால், ஆபத்தின் அளவைப் பற்றிக் காவல்துறை ஐந்து வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கடுங்குற்ற வழக்குகளின் சாட்சிகளுக்கு உரியது. வழக்கே பதிவாகாமல், மனு ரசீதை மட்டும் சட்டைப் பையில் வைத்திருப்பவன் எங்கே போவான்?

வெளிநாடுகளில் இதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. டப்ளினில் இயங்கும் ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ், மிரட்டலுக்கு ஆளானவர் ஊர் மாறவும், வழக்கறிஞர் வைக்கவும், வீட்டுக்குப் பாதுகாப்பு செய்யவும் அவசர உதவி தருகிறது. ஆனால் 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, ஓர் அமைப்பு அப்படிப் பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. ஆகவே கிராமத்துச் சிறு சங்கத்தின் வாசலுக்கு அந்த உதவி வந்து சேர்வது அரிது. கடல் கடந்த பணத்தை எதிர்பார்ப்பதைவிடக் கடைவீதிப் பணத்தைத் திரட்டுவதே நடக்கிற காரியம்.

வணிகப் பெருமக்களே! கண்டன சுவரொட்டிக்கும், ஒலிபெருக்கிக்கும், இறந்தவரின் குடும்ப நிதிக்கும் நீங்கள் வாரி வழங்குகிறீர்கள். குறை சொல்லவில்லை. அதே பணத்தில் ஒரு பகுதியை அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால் என்ன? மிரட்டல் வந்த முதல் இரண்டு நாட்கள்தான் முக்கியம். அந்த இரண்டு நாளுக்கு வேண்டியது பெரிய தொகை அல்ல: வெளியூரில் தங்க ஓர் அறை, பயணச் செலவு, வாசலில் ஒரு கேமரா, வழக்கறிஞரின் முதல் கட்டணம், வீட்டு மளிகை. கடை வைத்திருப்பவரானால் கடையைத் திறந்து பார்த்துக்கொள்ள ஒரு நம்பிக்கையான ஆள். இந்த நிதி அமானத். மூன்று பேர் பொறுப்பில், எழுத்துக் கணக்கோடு இருக்க வேண்டும். உதவி பெறுபவர் எந்த மதம், எந்தக் கட்சி என்று கேட்கக் கூடாது; மணல் லாரி அதைக் கேட்டுக்கொண்டு ஏற்றுவதில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாகப் போய் மனுக் கொடுக்காதீர்கள்; ஐந்து பேராவது கையெழுத்திடுங்கள். ஒற்றைப் பெயர் இருந்தால் குறி வைப்பது எளிது. மிரட்டினால் அன்றே புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, அதன் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. நகல் ஒன்று கிளைச் செயலாளரிடமும், ஒன்று வழக்கறிஞரிடமும் அன்றிரவே இருக்கட்டும்.