கைக்குழந்தையின் கழுத்துத் தசைக் கட்டி

பிறந்து இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள், கழுத்தின் ஒரு பக்கத்தில் கெட்டியாக, கதிர் வடிவில் தட்டுப்படும் வீக்கம் பெரும்பாலும் ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசைக் கட்டியே. தசைக்குள் நார்த்திசு பெருகுவதால் வரும் இது புற்றுநோய் அல்ல. வலப்பக்கத்தில் சற்று அதிகம். பிட்டம் முன்வந்த பிரசவத்திலும் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்திலும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் சிசேரியனில் பிறந்த குழந்தைக்கும் வருவதால், கருப்பையில் கழுத்து மடங்கியிருந்ததும் காரணமாகக் கருதப்படுகிறது.

தலை கட்டியுள்ள பக்கம் சாய்ந்திருக்கும்; முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். வீக்கம் தசையோடு சேர்ந்தே அசையும். மேல்தோல் சிவந்திராது, தொட்டால் குழந்தை அழாது. இதற்கு மாறாக, நிணநீர்க் கட்டி மென்மையானது, டார்ச் ஒளியை ஊடுருவவிடும். தைராய்டு நாளக் கட்டி நடுக்கோட்டில் இருந்து, விழுங்கும்போது மேலேறும்.

உறுதிப்படுத்த அல்ட்ராசவுண்ட் ஒன்றே போதும். வீக்கம் முழுவதும் தசைக்குள் அடங்கியிருப்பது தெரிந்துவிட்டால் சிடி ஸ்கேன், ஊசிப் பரிசோதனை, பயாப்சி எதுவும் வேண்டியதில்லை. மயக்க மருந்தும் கதிர்வீச்சும் பச்சிளம் உடலுக்குத் தேவையற்ற சுமை. தசைக்கு வெளியே பரவல், வேகமான வளர்ச்சி, கண்ணிமைத் தொய்வு, மூச்சுத்திணறல் இருந்தால் மட்டுமே மேல்பரிசோதனை. அப்போது தாமதம் கூடாது.

சிகிச்சையின் உயிர்நாடி பிசியோதெரபி. முகவாயைக் கட்டியுள்ள பக்கத் தோளுக்கு மெல்லத் திருப்புவது, தலையை எதிர்ப்பக்கம் சாய்ப்பது ஆகிய இரண்டையும் தாய்க்குச் செய்துகாட்டி, அவரையே செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாலூட்டும் பக்கம், தொட்டில் கிடக்கும் திசை, விழித்திருக்கும் வேளையில் குப்புறக் கிடத்துவது ஆகியவையும் உதவும். தமிழ்நாட்டில் கழுத்துச் சாய்வைக் கண்டதும் ‘உரம் விழுந்துவிட்டது’ என்று சேலையில் போட்டு உருட்டுவது இன்றும் உண்டு. பெற்றோரைக் கடிந்துகொள்ளாமல், அப்படிச் செய்யக்கூடாது என்பதையும் அதற்கான காரணத்தையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கட்டி பெரும்பாலும் நான்கு முதல் எட்டு மாதங்களில் கரைந்துவிடும். மூன்று மாதத்துக்குள் பயிற்சி தொடங்கினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் அறுவைசிகிச்சையின்றியே குணமாகிறார்கள். ஒரு வயதுக்குப் பிறகும் கழுத்துத் திருப்பம் தடைபட்டால், அல்லது முகம் கோணத் தொடங்கினால், தசையை வெட்டித் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம்.

அடிக்கடி விடுபட்டுப்போவது இடுப்பு மூட்டு. இக்குழந்தைகளில் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம். கழுத்தைப் பார்த்த மருத்துவர் இடுப்பையும் பரிசோதித்து, ஐயமிருந்தால் அன்றே இடுப்பு அல்ட்ராசவுண்டுக்கு எழுதித்தர வேண்டும்.