வாங்கின சரக்குக்குக் காசு கொடுக்காததற்குப் பெயர் மாநில உரிமையா?

போன மாதம் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. அவர் மகள் சட்டம் படிக்கிறாள். அமெரிக்க அரசியல் சட்டத்தில் பரீட்சையாம், 'சிஷோம் எதிர் ஜார்ஜியா' என்ற வழக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா மோர்க்குழம்பை மறந்து உற்சாகமாகிவிட்டார். "பாத்தீங்களா சார், அந்தக் காலத்துலயே மத்திய கோர்ட்டைப் பாத்து 'எங்க மாநிலத்து மேல கை வைக்காதே'ன்னு சொல்லி, அரசியல் சட்டத்தையே திருத்த வச்சிருக்காங்க. நம்மாளுங்களும் இருக்காங்களே!"

எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. மாநில சுயாட்சி என்பது எனக்கும் சின்ன வயசிலிருந்து காதில் விழுந்து ஊறின விஷயம்தான். வடக்கே வந்து இத்தனை வருஷம் ஆன பிறகு அந்தப் பிடிப்பு கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. ஆனால் ஜார்ஜியா செய்ததைக் கொண்டுபோய் அந்தக் கணக்கில் வரவு வைத்தால், தினமும் லோன் ஃபைல் பார்க்கிறவன் சும்மா இருக்க முடியுமா?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் ஃபார்குவார் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்தில் வியாபாரி. 1777 அக்டோபரில், சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவுக்கு, அதன் படைவீரர்களுக்காகத் துணி, போர்வை முதலான சரக்கு கொடுத்தார். விலை 1,69,613 டாலர் சொச்சம். ஜார்ஜியா சார்பில் வாங்கியவர்கள் இரண்டு ஏஜெண்டுகள். மாநிலம் அவர்களிடம் பணத்தைக் கொடுத்தது. அது ஃபார்குவார் கைக்கு வந்து சேரவில்லை. அவர் கேட்டபோது, "நாங்கள் ஏஜெண்டிடம் கொடுத்தாயிற்று, அவர்களைப் போய்க் கேள்" என்றார்கள். உங்கள் ஆள் வாங்கினான், உங்கள் சிப்பாய் போர்த்திக்கொண்டான், பணத்துக்கு மட்டும் நான் எவன் பின்னாலோ அலைய வேண்டுமா? எந்த ஊர் நியாயம்?

1784ல் அவர் இறந்தே போனார். அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த அலெக்சாண்டர் சிஷோம்தான் வழக்குப் போட்டார். அதனால்தான் வழக்கில் சிஷோம் பெயர் நிற்கிறது, சரக்குக் கொடுத்தவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. கீழ்க் கோர்ட்டில் தோற்று, 1792ல் நேராக அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு மாநிலத்துக்கும் வேறு மாநிலத்துக் குடிமகனுக்கும் இடையிலான வழக்கை மத்திய நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஜார்ஜியா ஆஜராகவே இல்லை. நாங்கள் இறையாண்மை உள்ள மாநிலம், எங்களை எவனும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

1793 பிப்ரவரி 18ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் வியாபாரி பக்கம். அதில் ஜேம்ஸ் வில்சன் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வியாபாரி ஒப்பந்தம் போடுகிற மாதிரிதான் மாநிலமும் போடுகிறது. வாக்குத் தவறின வியாபாரியைக் கோர்ட்டில் நிறுத்தலாம் என்றால், வாக்குத் தவறின மாநிலம் மட்டும் 'நான் இறையாண்மை' என்று வேஷம் மாற்றிக்கொண்டு நழுவலாமா என்று கேட்டார். தலைமை நீதிபதி ஜான் ஜே போட்டது வேறு கணக்கு. கோர்ட் நடந்த பிலடெல்ஃபியா நகரத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர். அந்த நகரத்தின் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். டெலவேர் மாநிலத்தில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர். அதன் மேல் போடக்கூடாது என்றால் என்ன நியாயம்? பத்தாயிரம் தலை கூடினால் கடன் மறைந்துவிடுமா என்ன!

இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. ஜார்ஜியா சட்டசபையின் கீழவை, இந்தத் தீர்ப்பை நிறைவேற்ற எவனாவது வந்தால் தூக்கில் போட வேண்டும் என்று மசோதா நிறைவேற்றியது. நிஜமாகத்தான். ஜப்தி நோட்டீஸ் கொண்டு வருகிறவனுக்குத் தூக்கு! நல்லவேளை மேலவையில் அது நிறைவேறவில்லை. மற்ற மாநிலங்களுக்கும் போர்க்காலக் கடன் நிறைய இருந்தது. மேரிலாந்து மேல் டச்சு வங்கிக்காரர்கள் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது. 1794ல் செனட்டில் 23க்கு 2, கீழவையில் 81க்கு 9 என்று திருத்தம் நிறைவேறி, 1795 பிப்ரவரியில் போதுமான மாநிலங்களின் ஒப்புதலும் வந்துவிட்டது. அதுதான் பதினோராவது திருத்தம். வெளிமாநிலத்தானோ வெளிநாட்டானோ மாநிலத்தின் மேல் மத்திய கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. கடன்காரர்களே கூடிக் கடன் வசூல் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

எதிர்த்தரப்பிலும் விஷயம் இல்லாமல் இல்லை. மாநிலங்கள் மேல் இப்படி வழக்கு வராது என்று ஹாமில்டன், மேடிசன் போன்றவர்கள் முன்பே உறுதி சொல்லித்தான் அரசியல் சட்டத்துக்கே ஆதரவு திரட்டினார்கள். அதை நம்பிச் சேர்ந்த மாநிலங்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். சரி, மத்திய கோர்ட் வேண்டாம், எங்கள் கோர்ட்டில் கேள் என்று சொல்லியிருந்தால் அது சுயாட்சி. எங்கேயும் கேட்காதே என்றால்? ஒரு முறை திறந்த கதவு எங்கே போய் நின்றது பாருங்கள்: 1890ல் லூசியானா மாநிலம் தன் பாண்டுக்கு வட்டி கொடுக்கவில்லை என்று சொந்த மாநிலத்துக்காரரே வழக்குப் போட்டார். திருத்தத்தின் வார்த்தைகளில் அவரைத் தடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் வழக்குத் தள்ளுபடி. ஃபார்குவார் விஷயத்தில் கைதட்டினவர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்கும் சேர்த்துத்தான் கைதட்டியிருக்கிறார்கள்.

நண்பருக்கு இதைச் சொன்னபோது, "அது அவங்க ஊரு சார், நம்ம ஊருல கவர்மெண்டு மேல கேஸ் போடலாமே" என்றார். போடலாம். நம் அரசியல் சட்டத்தின் 300ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பழைய 'இறையாண்மை' இங்கேயும் எட்டிப் பார்த்திருக்கிறது. 1947 செப்டம்பரில் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியும் எடுத்துக்கொண்டு மீரட்டில் வந்து இறங்கினார். போலீஸ் சந்தேகப்பட்டுப் பிடித்து, தங்கத்தை ஸ்டேஷனில் வைத்தது. ஹெட் கான்ஸ்டபிள் அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கஸ்தூரிலால் வழக்கு. 1964ல் உச்ச நீதிமன்றம், போலீஸ் செய்தது இறையாண்மைப் பணி, அரசு பொறுப்பில்லை என்றது. தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளுக்கே மனசு கேட்காமல், இதற்கு ஒரு சட்டம் கொண்டு வாருங்கள் என்றார்கள். 1965லும் 1967லும் மசோதா வந்தது, சட்டம் வரவில்லை. அப்புறம் 1994ல் ஆந்திராவில் உரமும் தானியமும் விற்ற ஒரு வியாபாரியின் வழக்கில்தான், பறிமுதல் செய்த சரக்கைப் பாழாக்கினால் அரசு ஈடு கொடுத்தாக வேண்டும் என்று சொன்னார்கள்.

ஒப்பந்தக் கடனுக்கு நம்மிடம் அந்தத் தடையும் கிடையாது. சிறு தொழில்காரரிடம் வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. என் கிளையில் ஒருவர், ஒரு மாநில அரசின் ஒரு துறைக்குப் பள்ளிக்கூட பெஞ்சு செய்து கொடுத்தார். பில் நின்றுவிட்டது. வட்டி கேளுங்கள், சட்டம் இருக்கிறது என்றேன். சிரித்தார். "கேட்டா அடுத்த டெண்டர் யார் குடுப்பா சாப்?" என்றார், அவர் ஊர் இந்தியில். அவருக்குப் பதினோராவது திருத்தம் எதற்கு, பயமே போதும். துறை எத்தனை மாதம் இழுத்தாலும் கேட்க ஆளில்லை. ஆனால் அவர் எனக்குத் தர வேண்டியதில் 90 நாள் தவறினால் அவர் கணக்கை வாராக்கடன் என்று நான் எழுதியாக வேண்டும். எழுதினேன். அடமானம் அவர் வீடு.

சிஷோம் கதையின் மிச்சத்தை அந்தப் பெண்தான் கேட்டாள்: "கடைசில பணம் வந்துச்சா அங்கிள்?" ஃபார்குவாரின் மருமகன் ஜார்ஜியாவோடு சமரசம் பேசி, ரொக்கத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரங்கள் வாங்கிக்கொண்டார். அதையும் அரசு லேசில் பணமாக்கித் தரவில்லை. மிச்சப் பத்திரங்களுக்குப் பணம் கொடுக்க சட்டசபை சம்மதித்தது 1847ல். சரக்கு கொடுத்தது 1777ல். அவள் விரல் விட்டு எண்ணிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ரசத்துக்குப் போய்விட்டார்.

பெஞ்சுக்காரருக்கு மார்ச் கடைசியில் பாதிப் பில் பாஸ் ஆனது. மீதி ஃபைல் எங்கோ மேஜையில் இருக்கிறதாம். திங்கட்கிழமை வந்து டீ குடித்துவிட்டுப் போனார்.