பதவியும் இளைப்பாற்றுச் சம்பளமும்

உழைத்துக் களைத்தவன் முதுமையிற் பிறர் கையை எதிர்பாராதிருத்தற்பொருட்டு ஏற்பட்டதே இளைப்பாற்றுச் சம்பளம். அஃது ஈகையன்று, உழைத்த காலத்திற் கொடாது நிறுத்திவைத்த ஊதியமேயாம். ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு கழித்த யானும் அதனை அவ்வாறே கருதுகின்றேன்.

எல்லோர்க்கும் அது கிட்டுவதில்லை. கொட்டாஞ்சேனை அச்சகத் தொழிலாளிக்கும், வெள்ளவத்தைக் கடையிற் கணக்கெழுதுவோர்க்கும் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியே துணை. தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த, முதுமையில் ஒரு தொகை கைக்கு வரும், மாதந்தோறும் வருவதொன்றில்லை.

பாராளுமன்ற உறுப்பினர்க்கோ, 1977 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், ஐந்தாண்டு அமர்ந்தாலே உறுப்பினர் படியில் மூன்றிலொரு பங்கையும், பதினைந்தாண்டு அமர்ந்தால் மூன்றிலிரு பங்கையும் வகுத்தது. ஆகவே பதவிக்குரிய படி உயர, அச்சட்டத்தின்படி இளைப்பாற்றுச் சம்பளமும் உயர்ந்தது. அப்படியைத் தீர்மானிப்பதும் அரசியலமைப்பின்படி பாராளுமன்றமே. தன் கூலியைத் தானே எழுதுவோன் பிற்காலக் கூலியையும் உடனெழுதிக்கொள்கின்றான். குற்றம் ஆளில் அன்று, அமைப்பில் உள்ளது.

முன்னாள் சனாதிபதிகளுக்கு இல்லம், வாகனம், செயலாளர்படி ஆகியவற்றை அளித்த 1986 ஆம் ஆண்டுச் சட்டம் 2025 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. அதன்பின் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்க அரசு முற்பட்டது. மக்கள் மகிழ்ந்தனர், அவர்தம் மனக்கொதிப்பு நியாயமானதே. ஆயினும் முற்றாக ஒழித்தல் மருந்தாகுமா? நிலையான உத்தியோகத்தை விட்டு மக்கட்பணிக்கு வரும் ஏழை ஆசிரியனொருவன், பத்தாண்டின் பின் தோற்று வீடு திரும்பினால் அவன் கதி யாது? அவ்வச்சத்தால் நல்லோர் ஒதுங்குவர். செல்வரும், பதவியிலிருக்கும்போதே தேடிக்கொள்ளத் துணிந்தோருமே அம்மன்றத்தை நிறைப்பர்.

ஆதலின் வேண்டுவன மூன்று. உறுப்பினரும் மாதந்தோறும் தம் பங்கைச் செலுத்துக. பணியாற்றிய ஆண்டுகளின் அளவாகவே பயன் பெறுக. சம்பளத்தைப் பிறரொரு குழு தீர்மானிக்க. பிரித்தானியாவில் 2011 முதல் சுயாதீன ஆணையமொன்றே உறுப்பினர் சம்பளத்தைத் தீர்மானிக்கின்றது. உறுப்பினரும் தம் ஓய்வூதியத்துக்குப் பங்கு செலுத்துகின்றனர்.

நம் கல்லூரி மாணவருட் சிலர் நாளை அம்மன்றத்தில் அமர்தல் கூடும். அச்சகத் தொழிலாளி தன் சிறு சம்பளத்திற் செலுத்தும் எட்டு வீதத்தை அவர் அன்று நினைவிற் கொள்வாராக.