அலக்நந்தாவும் செவ்வாய் தோஷமும்

2025-ம் வருஷக் கடைசியில் புனாவிலுள்ள தேசிய ரேடியோ வானியல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு சேதி வெளியாயிற்று. ராஷி ஜெயின் என்ற பெண் ஆராய்ச்சியாளரும், அவருக்கு வழிகாட்டியான யோகேஷ் வடதேகரும் வெகு தூரத்திலுள்ள ஒரு சுருள் நட்சத்திர மண்டலத்தைக் கண்டு, அதற்கு ‘அலக்நந்தா’ என்று பெயரிட்டார்கள்.

வாசுதேவநல்லூரில் வெளிச்சமில்லாத வயற்புறத்தில் நின்று பார்த்தால் வானத்தில் வெண்புகை போல் ஒரு பட்டை தெரியுமே, அந்தப் பால்வீதிதான் நாமிருக்கும் மண்டலம். அதுவும் சுருள் வடிவந்தான். அலக்நந்தாவோ, அதன் ஒளி நம்மிடம் வந்து சேரவே சுமார் 1,200 கோடி வருஷம் ஆகும்படியான தூரத்திலுள்ளது. பூமி உண்டாகியே சுமார் 450 கோடி வருஷந்தான் ஆகிறது!

இதை ஞான திருஷ்டியால் கண்டார்களா? இல்லை. 2021-ல் ஆகாயத்துக்கு ஏற்றப்பட்ட ஜேம்ஸ் வெப் தூரதிருஷ்டிக் கருவி எடுத்த படங்களில் ஏறத்தாழ 70,000 பொருள்களைச் சலித்துப் பார்த்து, இந்த ஒன்றைக் கண்டார்கள். 21 விதமான வடிகட்டிகளின் வழியே வந்த ஒளியை அளந்து, அது எவ்வளவு சிவப்புப் பக்கமாக நீண்டிருக்கிறதென்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிட்டார்கள். இரண்டு சுருள் கைகள், நடுவில் திரட்சி, சுமார் 30,000 ஒளி வருஷக் குறுக்களவு, கைகள் நெடுக மணி கோத்தாற்போல் நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்கள் ஆகியவை தெரிந்தன. வருஷத்துக்குச் சுமார் 60 சூரியன் எடைக்கு அங்கே நட்சத்திரங்கள் பிறக்கின்றனவாம். சந்தேகப்படுகிறவர் யாராயினும் அதே படத்தை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நிற்க, இதில் முக்கியமான விஷயம் வேறு. பிரபஞ்சம் தோன்றி 150 கோடி வருஷமே ஆன அந்தக் காலத்தில் மண்டலங்கள் உருவமற்ற கட்டிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும், இப்படி ஒழுங்கான சுருள் அமைய இன்னும் வெகுகாலம் வேண்டும் என்றுதான் பண்டிதர்கள் பெரும்பாலும் எண்ணியிருந்தார்கள். எண்ணத்துக்கு மாறாகக் கண்ணுக்குத் தெரிந்தவுடன் என்ன செய்தார்கள்? “படம் பொய், நம் பெரியவர்கள் எழுதி வைத்ததே மெய்” என்றார்களா? “நமது கொள்கையைத் திருத்த வேண்டும்” என்றார்கள். அதனால் அவர்கள் மானம் போய்விடவில்லை, அறிவுதான் வளர்ந்தது.

நம் சோதிட சாஸ்திரம் எந்தக் காலத்திலாவது இப்படித் திருத்தப்பட்டதுண்டா? கார்த்திகை நட்சத்திரத்தின் ஒளி இங்கு வரச் சுமார் 440 வருஷமாகிறது. இன்று பிறந்த குழந்தைக்கு “கார்த்திகை” என்று எழுதும் சோதிடர் 440 வருஷத்துக்கு முந்திய வெளிச்சத்தையல்லவா வைத்துப் பலன் சொல்லுகிறார்? இதற்கு எந்தப் பஞ்சாங்கத்தில் கழிவு போட்டிருக்கிறது? ஆனால் அந்தக் காகிதத்தை நம்பியே வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கங்களில் மட்டுமல்ல, நாடெங்கும், “செவ்வாய் தோஷம்” என்று சொல்லிப் பெண்களைக் கலியாணமில்லாமல் உட்கார வைக்கிறோம். பரிகாரத்துக்கென்று கடன் வாங்கிக் கொடுக்கிறோம். பணம் போனாலும் சம்பாதித்துக் கொள்ளலாம். அந்தப் பெண் இழந்த வயதை எந்தக் கிரகம் திருப்பிக் கொடுக்கும்?

இனி ஒரு கூட்டம், “மந்தாகினி, அலக்நந்தா என்று இமயமலை நதிகளின் பெயரே வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா! எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே” என்று புறப்படும். பால்வீதிக்கு ஹிந்தியில் மந்தாகினி என்று பேர். அதற்குச் சோதரி போலிருப்பதால் சோதரி நதியின் பேரை இதற்கு வைத்தார்கள், அவ்வளவே. பேர் பழையதானால் கண்டுபிடிப்பும் பழையதாகிவிடுமா? முன்னோர் அறிந்திருந்தால், இரண்டு கைகள் என்று ஒரு வரி முன்னதாக ஏன் எழுதவில்லை?

தோழர்களே! அந்த 70,000-த்தையும் சலித்துப் பார்த்தவர் ஒரு பெண். அவரைப் போன்ற ஒரு பெண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவள் கையில் ஜாதகத்தைக் கொடுக்கப் போகிறீர்களா, புத்தகத்தைக் கொடுக்கப் போகிறீர்களா என்பதுதான் எங்கள் கேள்வி.