கணவரின் கோப்பில் தொங்கும் வேலை அனுமதி

இந்திய அரசின் வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எச்-4 என்பது அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரிபவரின் மனைவி அல்லது கணவருக்கும், 21 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் தரப்படும் விசா. ஊரில் இதை டிபென்டென்ட் விசா என்பார்கள். துணைவர் இதைப் பெறத் திருமணச் சான்றிதழே முதன்மை ஆவணம். இந்த விசாவில் இருப்பவர் கல்லூரியில் படிக்கலாம், கார் ஓட்ட உரிமம் எடுக்கலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய மட்டும் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாதவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடைக்காது. சென்னையில் பத்தாண்டு மென்பொருள் துறையில் இருந்தவரும், கோவையில் மருத்துவம் பார்த்தவரும், மதுரையில் கல்லூரி ஆசிரியராக இருந்தவரும் இந்த விசாவில் விமானம் ஏறினால், இறங்கும் இடத்தில் ஒரே நிலைதான்.

2015 வரை இதற்கு விதிவிலக்கே கிடையாது. அந்த ஆண்டு பிப்ரவரி 25 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு விதியை வெளியிட்டது. மே 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எச்-4 விசாவில் இருக்கும் துணைவர்களில் ஒரு பகுதியினர் இ.ஏ.டி. எனப்படும் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அந்த விதி. முதல் ஆண்டில் 1,79,600 பேர் வரையிலும், பிறகு ஆண்டுக்கு 55,000 பேரும் தகுதி பெறக்கூடும் என்று அந்தத் துறையே கணக்கிட்டது. 2017 டிசம்பர் வரை முதல்முறை அட்டை பெற்றவர்கள் 90,000-க்கு மேல். அவர்களில் 93 விழுக்காட்டினர் இந்தியாவில் பிறந்தவர்கள். பெண்களின் பங்கும் 93 விழுக்காடு. இந்த அட்டையின் கதையை இந்தியப் பெண்களின் கதை என்று சொன்னால் அது மிகையாகாது. அதனால்தான் இந்த மடல் டெல்லிக்கு எழுதப்படுகிறது.

அந்த ‘ஒரு பகுதியினர்’ யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எச்-1பி விசாவின் பொதுவான உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். கிரீன் கார்டுக்கான வரிசையில் நிற்பவருக்கு, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அதற்கு மேலும் நீட்டிப்பு கிடைக்கும். மனைவிக்கு அட்டை கிடைக்க, கணவரின் நிறுவனம் அவருடைய கிரீன் கார்டுக்காகப் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது அந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனு நிலுவையில் இருப்பதால் அவருக்கு ஆறாண்டைத் தாண்டிய நீட்டிப்பு கிடைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மனைவிக்கு அட்டை இல்லை. அவருடைய படிப்பு, அனுபவம், அவருக்கு வேலை தரக் காத்திருக்கும் நிறுவனம் எதையும் இந்த விதி கேட்பதில்லை. கிரீன் கார்டு வேலையை நிறுவனம் எப்போது தொடங்குவது என்பது நிறுவனத்தின் விருப்பம். சில இடங்களில் முதல் ஆண்டிலேயே தொடங்குகிறார்கள். சில இடங்களில் நான்காம் ஆண்டு வரை பேச்சே எடுப்பதில்லை. வரன் பார்க்கும்போதே ‘மாப்பிள்ளைக்கு ஐ-140 ஆகிவிட்டதா?’ என்று கேட்கும் வீடுகள் உண்டு. முன்பின் தெரியாத ஒரு மனிதவள அதிகாரியின் மேசையில் மகளின் வேலை இருக்கிறது என்பதை அறிந்த பெற்றோரின் கேள்வி அது.

ஐ-140 ஏற்கப்பட்ட பிறகும் கிரீன் கார்டு உடனே வருவதில்லை. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவியும் பிள்ளைகளும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. 2025 நவம்பரில் இந்தியர்களுக்கான வேலை அடிப்படையிலான இரண்டாம் பிரிவு (இ.பி.-2) வரிசை 2013 ஏப்ரலில் நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களின் முறை அப்போதுதான் வந்திருந்தது. இவ்வளவு நீண்ட காத்திருப்பில் ஒருவர் வேலை செய்யலாமா கூடாதா என்பது சிறு சலுகை பற்றிய கேள்வியாக இருக்க முடியாது. இருபத்தெட்டு வயதில் வரிசையில் நிற்கத் தொடங்கும் பெண்ணின் நடுவயது முழுவதையும் அது தீர்மானிக்கிறது.

அட்டை கிடைத்துவிட்டால் அது நல்ல அட்டை. எந்த நிறுவனத்திலும் எந்த வேலையும் பார்க்கலாம்; சொந்தத் தொழிலும் நடத்தலாம். துன்பம் அதைப் புதுப்பிப்பதில் இருக்கிறது. அட்டையின் காலம் மனைவியின் எச்-4 காலத்தைத் தாண்டாது. எச்-4 காலம் கணவரின் எச்-1பி காலத்தைத் தாண்டாது. கணவரின் நீட்டிப்பு மனுவை ஆறு மாதத்துக்கு முன்னால் போட முடியாது. ஆகவே மனைவியின் எச்-4 நீட்டிப்புக்கான ஐ-539 படிவமும், அட்டைக்கான ஐ-765 படிவமும் அந்த ஆறு மாதத்துக்குள்தான் உள்ளே போகும். 2024 ஏப்ரல் முதல் ஐ-765 படிவத்துக்கு மட்டும் கட்டணம் இணையவழியில் 470 டாலர், தாளில் 520 டாலர். கணவரின் மனுவுக்குக் கூடுதல் கட்டணம் கட்டி 15 வேலைநாளில் பதில் வாங்கலாம். எச்-4 துணைவரின் ஐ-765 படிவத்துக்கு அந்த வசதி கிடையாது. ஆறு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் பழைய அட்டை காலாவதியாகும் நாளில் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியாக வேண்டும். அனுமதி இல்லாதவரைப் பணியில் வைத்திருப்பது நிறுவனத்துக்குச் சட்டக் குற்றம். மேலாளர் நல்லவராக இருந்தால் சம்பளமில்லா விடுப்பு. இல்லையென்றால் வேலை போனது போனதுதான். பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமமும் அதே தேதியோடு முடியும்.

2019 மார்ச்சில் ஐ-539 படிவத்துக்குக் கைரேகைப் பதிவு கட்டாயமானது. கணவர், மனைவி இருவரின் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்து முடித்துவந்த வழக்கம் அதோடு நின்றது. கொரோனா காலத்தில் கைரேகை மையங்களும் மூடப்பட, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தனர். 2021 மே மாதம் அந்தக் கட்டாயம் நிறுத்திவைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் ஒரு வழக்குச் சமரசத்தின்படி கோப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் திரும்பியது. அந்தச் சமரசத்தின் காலம் இரண்டே ஆண்டுகள், 2025 ஜனவரியில் அது முடிந்துவிட்டது. இடையில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. புதுப்பிப்புக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்தவரின் பழைய அட்டை 180 நாள்களும், பின்னர் 540 நாள்கள் வரையும் தானாக நீளும் என்றது அது. எச்-4 விஷயத்தில் அது ஓரளவுக்கே பயன்பட்டது, ஏனென்றால் அமெரிக்காவில் தங்கும் காலத்தைக் குறிக்கும் ஐ-94 பதிவில் உள்ள தேதியைத் தாண்டி அட்டை நீளாது. அந்த ஓரளவும் 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இல்லை.

வழக்கறிஞர்கள் காட்டும் சுற்றுவழி ஒன்று உண்டு. நாட்டைவிட்டு வெளியே வந்து, புதிய விசா முத்திரை பெற்று, புதிய ஐ-94 பதிவோடு திரும்பினால் எச்-4 நீட்டிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அட்டைக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதும். அதற்குச் சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் நடைமுறை வந்தபோது, இந்தியாவில் பலருடைய நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. ஸ்டாம்பிங்குக்காக வந்தவர்கள் பிள்ளைகளின் பள்ளி அங்கே, தாங்கள் இங்கே என்று மாட்டிக்கொண்டார்கள்.

இதே அமெரிக்காவில், இதே போல் கணவரைச் சார்ந்து வரும் இன்னொரு மனைவிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெற்று எல்-1 விசாவில் வருபவரின் துணைவருக்கு எல்-2. 2021 நவம்பரில் ஏற்பட்ட ஒரு சமரசத்துக்குப் பிறகு, எல்-2 துணைவருக்கு வேலை உரிமை விசா நிலையோடு சேர்ந்தே வருகிறது. தனி அட்டை தேவையில்லை; 2022 ஜனவரி 30 முதல் ஐ-94 பதிவில் ‘எல்-2எஸ்’ என்ற குறியீடு இருந்தாலே போதும். எல்-2 துணைவருக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டம் நேரடி ஆதாரமாக இருக்கிறது, எச்-4 துணைவருக்கு விதி மட்டும்தான் இருக்கிறது என்பது அமெரிக்கத் தரப்பின் பதிலாக இருக்கும். அந்த வேறுபாடு உண்மை. ஆனால் அந்த விதியின் பலம் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டு நிலைத்திருக்கிறது. வேலையிழந்த அமெரிக்கத் தொழில்நுட்ப ஊழியர்களின் ‘சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ’ அமைப்பு 2015-இல் தொடுத்த வழக்கில், 2023 மார்ச்சில் மாவட்ட நீதிமன்றமும் 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விதி செல்லும் என்றன. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. யார் வேலை செய்யலாம் என்று விதி வகுக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு என்றால், அந்த உரிமையை விசா நிலையோடு இணைக்கவும் துறைக்கு இயலும் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

விதியாக மட்டும் இருப்பதன் ஆபத்தும் மறக்கத்தக்கதன்று. 2017 டிசம்பரில் இந்த விதியை நீக்கும் எண்ணம் அரசின் திட்டப்பட்டியலில் ஏறியது. 2021 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகே அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் வீட்டுக்கடன் எடுப்பதா, தொழில் தொடங்குவதா என்ற முடிவுகள் எத்தனையோ வீடுகளில் தள்ளிவைக்கப்பட்டன.

சார்பு விசாவின் இருண்ட பக்கம் வீட்டுக்குள் இருக்கிறது. கணவருக்கு வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் மாற்று ஏற்பாடு இல்லையென்றால் மனைவியின் நிலையும் முடிகிறது. மணமுறிவு ஏற்பட்டால் எச்-4 தகுதியும் போய்விடுகிறது. அடிக்கும் கணவரை விட்டு வெளியேற நினைக்கும் பெண்ணுக்குக் கையில் காசும் இல்லை, அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் இல்லை என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. இதற்கு அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. கொடுமைக்கு ஆளான எச்-4 துணைவர், கணவரின் ஒப்புதல் இல்லாமலே, ஐ-765வி என்ற தனிப்படிவத்தில் வேலை அனுமதி கேட்கலாம். 2017 முதல் அந்தப் படிவம் நடைமுறையில் இருக்கிறது.

துணைவர் வேலை உரிமை இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்குப் புதிய பொருளன்று. தூதரக அலுவலர்களின் குடும்பத்தினர் பணிபுரியும் நாட்டில் ஊதியத்துக்கு வேலை செய்ய வழிசெய்யும் உடன்பாடுகளை இந்தியா பல நாடுகளோடு செய்துகொண்டிருக்கிறது. அலுவலரின் மனைவிக்குப் பொருந்தும் நியாயம் பொறியாளரின் மனைவிக்கும் பொருந்தும். இந்தியாவிலும் டிபென்டென்ட்டாக என்ட்ரி விசாவில் வரும் வெளிநாட்டவர் வேலை செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத் தளர்த்த இந்தியா முன்வந்தால் பேச்சுவார்த்தையில் கொடுத்து வாங்க ஒன்று கையில் இருக்கும்.

அமைச்சரிடம் வேண்டுவன மூன்று. எச்-4 துணைவரின் வேலை உரிமையை எல்-2 போல விசா நிலையோடு இணைக்குமாறு அமெரிக்க அரசிடம் எழுத்து மூலம் கோர வேண்டும். அது கைகூடும் வரை, கணவர், மனைவி இருவரின் கோப்புகளையும் சேர்த்து முடிக்கும் பழைய நடைமுறையையாவது திரும்பக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகங்கள் ஐ-765வி பற்றிய விளக்கத்தைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அச்சிட்டு வழங்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு வாஷிங்டனின் அனுமதி தேவையில்லை. அமைச்சரின் ஒரு கையெழுத்து போதும்.