குப்பை அள்ளுகிறவர்களே காண்டிராக்ட் எடுத்தால்? காபி ஹவுஸ் கணக்கு சிவகாசிக்கு ஒத்து வருமா!

விருதுநகர்:
துப்புரவு வேலையைத் தனியாரிடம் விடுவதற்குப் பதில், தொழிலாளர்களே சங்கம் சேர்ந்து எடுத்து நடத்தினால் என்ன?

கேள்வி சும்மா வரவில்லை. சென்னை தவிர மற்ற மாநகராட்சிகளில் இந்த வேலைகளை வெளி நிறுவனங்களுக்கு விட 2022-ல் அரசாணை 152 வந்தது. சிவகாசி 2021-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. சென்னையில் 2 மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது.

தெருவுக்கு வந்த சர்வர்கள்

வேலை போனவர்கள் முதலாளி ஆன கதை நம் நாட்டிலேயே உண்டு. மத்திய அரசின் காபி போர்டு, தான் நடத்திய காபி ஹவுஸ்களை 1950-களில் மூடியது. சர்வர், சமையல்காரர் எல்லோருக்கும் சீட்டு கிழிந்தது. கடையை நீங்களே நடத்துங்கள் என்று கிளப்பிவிட்டவர் கம்யூனிஸ்டு தலைவர் ஏ.கே.கோபாலன். 1957 ஆகஸ்டு 19-ந் தேதி பெங்களூரில் கூட்டுறவு சங்கம் பிறந்தது. அக்டோபர் 27-ந் தேதி டெல்லியில் கடை திறந்தாச்சு. அடுத்த மார்ச்சில் திருச்சூர்.

திருவனந்தபுரம் போன நம்மூர்க்காரர்கள், தம்பானூரில் சுருள் சுருளாக ஏறும் செங்கல் கட்டிடத்தில் பீட்ரூட் போட்ட மசால் தோசை சாப்பிட்டிருப்பார்கள். அது இவர்கள் கடைதான்!

கல்லா யாரிடம்?

ஆனால் காபி வேறு, குப்பை வேறு. காபி ஹவுஸுக்கு வாடிக்கைக்காரர் ஆயிரம் பேர். சாயங்காலமே கல்லாவில் காசு. துப்புரவு சங்கத்துக்கோ ஒரே வாடிக்கைக்காரர், மாநகராட்சி. பில் 3 மாசம் நின்றால் சம்பளம் எங்கிருந்து வரும்? டெண்டருக்கு டெபாசிட் யார் கட்டுவது? லாரி யார் வாங்குவது?

இங்கிலாந்தில் சர்ரே பகுதி அரசு நர்ஸ்கள் 2006-ல் ஊழியர்களுக்கே சொந்தமான கம்பெனி தொடங்கினார்கள். அரசே மெச்சியது. 2011-ல் பக்கத்துப் பகுதிகளின் பெரிய காண்டிராக்டைக் கேட்டபோது தனியாருக்குத்தான் போயிற்று.

உள்குத்தகை வேறு இருக்கிறது. லைசென்ஸ் ஒருவர் பெயரில், பட்டாசு ஆலையை ஓட்டுவது இன்னொருவர். இது சிவகாசிக்குத் தெரியாத சங்கதியா? தொழிலாளர் சங்கம் என்று போர்டு மாட்டி, பின்னால் காண்டிராக்டர் உட்கார எத்தனை நேரம் ஆகும்!

காபி ஹவுஸ்காரர்கள் இருந்த வேலையை உதறிவிட்டு வரவில்லை. வேலை போன பிறகே சங்கம் சேர்ந்தார்கள். நிரந்தர வேலையில் இருப்பவரிடம் சங்கம் என்று யாராவது வந்தால், டெபாசிட் விலக்கு, மாதாமாதம் பில், பி.எப். பணம் மூன்றையும் முதலில் எழுத்தில் கேட்க வேண்டும்.