ஒளியும் மாசே

மாசு என்றவுடன் நம்மனோர் புகையையும் சாக்கடையையுமே நினைப்பர். உயிரியலின் முதற்பாடம் கற்போரும் அங்ஙனமே. யானோ, மாமல்லபுரக் கரையில் இரவெல்லாம் எரியும் விளக்குகளையும் அவ்வரிசையில் வைத்தல் வேண்டும் என்பேன்.

பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமைகள் ஆண்டுதோறும் தைத் திங்கள் தொடங்கிச் செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில் முட்டையிட வருகின்றன. தாய் இரவிற் கரையேறி, மணலிற் குழி பறித்து, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு மூடிக் கடலுக்கு மீளும். பின்னர்த் திரும்பிப் பார்ப்பதில்லை. மணலின் வெம்மையே செவிலி. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும்கூட அவ்வெம்மையைப் பொறுத்ததே. சூடு மிகின் பெண்ணே மிகும். 45 முதல் 60 நாளிற் பொரிந்த குஞ்சுகள் பெரும்பாலும் இரவிலேயே வெளிப்படும். அவற்றிற்கு வழி காட்டுவார் யார்? இருண்ட நிலத்தினும் வெளிறித் தோன்றும் கடற்புறத்து ஒளியே காட்டும். நெடுங்காலம் பொய்யாத அக்குறியை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதி விளக்குகள் பொய்யாக்கிவிட்டன. கடல் சேரவேண்டிய குஞ்சு சாலையை நோக்கி ஊர்ந்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிறது. அன்றேல் வண்டிச் சக்கரத்தில் நசுங்குகிறது.

சென்னையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் குழுவொன்று இரவிற் கரை நடந்து, முட்டைகளை எடுத்துக் காப்பிடத்திற் புதைத்து வருகின்றது. போற்றத்தக்க தொண்டே. ஆயினும் முட்டையை இடம் பெயர்ப்பதினும் விளக்கை அணைப்பது எளிதன்றோ? இருளில் மீனவர் இடர்ப்படுவரே எனச் சிலர் வினவுவர். குப்பத்து விளக்கை யான் குறை கூறவில்லை. வெறும் அழகுக்காகக் கடலை நோக்கி எரிவனவற்றையே கூறுகின்றேன். தை முதல் வைகாசி வரை அவற்றை அணைக்கவோ, மூடியிட்டு நிலம் நோக்கித் திருப்பவோ மாவட்ட ஆட்சியர் ஆணையிடல் வேண்டும். அவ்வாணை வருமுன்னரே, மாமல்லபுரத்துக்கு உலாச் செல்லும் நம் கல்லூரியார் தாம் தங்கும் விடுதியாரிடம் இதனைக் கேட்கலாம்.